கார்பைன் பேரலில் இருக்கும் அந்தச் சின்னத் துளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். எங்கள் கணியம்பாடிப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. ராணுவ கிராமம் என்று பேர் வாங்கிய கம்மவான்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. வேலூர் நேதாஜி ஸ்டேடியத்தில் காலையில் ஓட வரும் பையன்கள், என்.சி.சி. பிள்ளைகள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், லீவில் வரும் ஜவான்கள் என்று யார் பேச உட்கார்ந்தாலும் பேச்சு ரைஃபிளில் வந்து நிற்கும். அதிலும் பேரலில், அதாவது குண்டு போகும் குழலில், இருக்கும் கேஸ் போர்ட் என்ற சின்னத் துளை பற்றி அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

கேஸ் போர்ட்னா என்ன சார்? உள்ளே கேஸ் ஏதாவது அடைச்சு வெச்சிருப்பாங்களா?

தனியாக எதையும் அடைத்து வைப்பதில்லை. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து புகையாக விரிகிறதே, அதைத்தான் கேஸ் என்கிறோம். வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. 5.56 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், எழும் அழுத்தம் 50,000 பவுண்டுக்கும் மேல். குண்டைத் தள்ளுவது அதுதான்.

பேரலின் சுவரில் ஓரிடத்தில் மேல்நோக்கி ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்கள். குண்டு அந்த இடத்தைத் தாண்டியதும் பின்னால் வரும் கேஸில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக மேலே ஏறும். அது பிஸ்டனைப் பின்னால் தள்ளும். சேம்பரின் பின்வாசலைப் பூட்டியிருந்த போல்ட் திறக்கும், அதில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும், அது வெளியே விழும். ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும்போது தோட்டாக்கள் அடுக்கிய மேகசினில் இருந்து அடுத்த ரவுண்டு (தோட்டா) ஏறிவிடும். அமெரிக்காவின் எம்-16, எம்-4 ரைஃபிள் வகையில் பிஸ்டன் கம்பி கிடையாது. ஒரு மெல்லிய குழாய் கேஸை நேராகப் போல்ட் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

எல்லாத் துப்பாக்கியிலயும் இந்தத் துளை இருக்குமா?

இருக்காது. என்.சி.சி. பிள்ளைகள் ரேஞ்சில் சுடும் .22 ரைஃபிளில் இல்லை, பழைய .303-லும் இல்லை. அவற்றில் போல்ட்டைக் கையால்தான் இழுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் போலீஸிலும் பட்டாளத்திலும் ரொம்ப நாளாகக் ‘கார்பைன்’ என்றால் 9 மி.மீ. ஸ்டெர்லிங் வகைதான். அதில் கேஸ் போர்ட்டே கிடையாது. கனமான போல்ட்டைக் காலித் தோட்டாவே பின்னால் உதைத்துத் தள்ளும், அவ்வளவுதான். நான் கீழே கார்பைன் என்று எழுதுவது அதை அல்ல. ரைஃபிள் தோட்டாவையே சுடும், ஆனால் பேரல் மட்டும் குட்டையான வகையைச் சொல்கிறேன். எம்-4 அதற்கு உலகம் அறிந்த உதாரணம்.

குண்டு போற பேரல்ல ஓட்டை போட்டா குண்டோட வேகம் குறைஞ்சிடாதா?

கணக்குப் பார்த்தால் துளி குறையும். உணரும்படி குறையாது. துளை சின்னது, குண்டு அதைத் தாண்டி வாய்ப்பக்கம் போய்ச் சேர எடுக்கும் நேரமும் மிகக் குறைவு. குறிபார்க்கும்போது இதை நினைக்கவே வேண்டாம்.

துளை பெரிசா இருந்தா நிறைய கேஸ் வரும், துப்பாக்கி நல்லா ஓடும்தானே அண்ணா?

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். கேஸ் குறைந்தால் துப்பாக்கி நிற்கும் என்பது யாருக்கும் சட்டென்று புரிகிறது. கேஸ் கூடினாலும் நிற்கும் என்பதை நம்ப மறுக்கிறார்கள்.

குக்கரில் அழுத்தம் அடங்குவதற்குள் மூடியை இழுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். வெடித்த கணத்தில் பித்தளைத் தோட்டா உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கிப் பிடியை விடும். அந்த நேரம் பார்த்துப் போல்ட் திறந்தால் காலித் தோட்டா வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்துவிடும். கேஸ் அதிகமானால் போல்ட் அதற்கு முன்பே திறக்கப் பார்க்கும். தோட்டா இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்க, எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கும். விளிம்பு பிய்ந்துவிட்டால் தோட்டா உள்ளேயே தங்கிவிடும். பின்னால் வரும் அடுத்த ரவுண்டு அதன் மேல் போய் முட்டும். அதைச் சரிசெய்யக் களத்தில் நேரம் கிடைக்காது.

அதோடு முடியவில்லை. போல்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் போய்த் திரும்பும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த ரவுண்டை மேலே தூக்குவதற்குள் போல்ட் அதைத் தாண்டிவிட்டால் சேம்பர் காலியாக இருக்கும், நீங்கள் ட்ரிகரை இழுத்தால் ‘டக்’ என்று சத்தம் மட்டும் வரும். உதை கூடும், போல்ட்டின் பற்கள் சீக்கிரம் விரிசல் விடும், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். துளை பெரிதான துப்பாக்கி புதிதில் அருமையாக ஓடுவது போல இருக்கும். செலவைப் பின்னால்தான் கேட்கும்.

சின்னதா இருந்தா?

போல்ட் முழுசாகப் பின்னால் வராது. பாதி தூரம் வந்து திரும்பினால் காலித் தோட்டா வாசலிலேயே மாட்டிக்கொள்ளும், அல்லது அது வெளியே விழுந்தாலும் புது ரவுண்டைப் போல்ட் பிடிக்காது. சுத்தமான துப்பாக்கி, நல்ல தோட்டா, மிதமான வெயில் இருக்கும்வரை சமாளிக்கும். கொஞ்சம் மண், கொஞ்சம் குளிர் சேர்ந்தால் நின்றுவிடும்.

கார்பைன்ல பேரல் குட்டை, கேஸும் கம்மியாத்தானே கிடைக்கும்? அப்போ துளை பெரிசாத்தானே இருக்கணும்?

கேள்வி நியாயமானது, ஆனால் நடப்பது தலைகீழ். முதலில் அளவுகளைச் சொல்கிறேன். 20 அங்குல பேரல் உள்ள எம்-16-இல் துளையின் விட்டம் சுமார் 2.4 மி.மீ. 14.5 அங்குல எம்-4-இல் சுமார் 1.6 மி.மீ. முதலாவதில் சைக்கிள் ஸ்போக் தாராளமாக நுழையும். இரண்டாவதில் ஊதுபத்தியின் மூங்கில் குச்சிதான் நுழையும்.

காரணம் துளை இருக்கும் இடம். போர் மோட்டாரில் இருந்து வயலுக்குப் போகும் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் பைப் ஓட்டையானால் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சும். கடைசி வயல் கிட்டே ஓட்டையானால் சும்மா கொப்பளிக்கும். பேரலிலும் சேம்பருக்குப் பக்கத்தில் அழுத்தம் மிக அதிகம், தூரம் போகப் போக இறங்கிவிடும். எம்-16-இல் துளை சேம்பர் பக்க முனையில் இருந்து சுமார் 33 செ.மீ. தள்ளி இருக்கிறது. எம்-4-இல் சுமார் 20 செ.மீ.தான். அங்கே கேஸ் இன்னும் சூடாக, முரடாக இருக்கும். அதனால்தான் துளையைச் சின்னதாக்கி அடக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே, சுமார் 25 செ.மீ. தூரத்தில் துளை வைக்கும் வகையும் இருக்கிறது. 14.5 அங்குல பேரலுக்கு அது மென்மையாக ஓடும். என்னைக் கேட்டால் அந்த நீளத்துக்கு அதுதான் சரியான இடம்.

அப்போ 10 அங்குல பேரலுக்கு இன்னும் சின்னத் துளையா மாமா?

இல்லை. இங்கே கணக்கு மறுபடி திரும்புகிறது. பைப் உதாரணம் பாதி உண்மைதான் சொல்லும். மீதியை ரப்பர் குழாய் சொல்லும்.

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் நடுவே ஒரு பொத்தல் இருக்கிறது என்று வையுங்கள். குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்தால் பொத்தலில் இருந்து தண்ணீர் பீய்ச்சும். விரலை எடுத்ததும் பீய்ச்சல் தணிந்துவிடும். பேரலில் அந்தக் கட்டை விரல்தான் குண்டு. துளையைத் தாண்டிய குண்டு பேரலை விட்டு வெளியே போகும்வரை அடைப்பு இருக்கும், துளையில் கேஸ் வேகமாக ஏறும். குண்டு வெளியேறியதும் விரலை எடுத்தது போல் எல்லாம் வாய்ப்பக்கமாக ஓடிவிடும். இந்த அடைப்பு நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதற்குள்தான் எல்லாம் நடந்தாக வேண்டும்.

எம்-16-இல் துளைக்கும் வாய்க்கும் இடையே சுமார் 18 செ.மீ., எம்-4-இல் சுமார் 17 செ.மீ. கிட்டத்தட்ட ஒன்றுதான். எம்-4-இல் துளையைச் சின்னதாக்கினால் போதும் என்பதற்கு இதுவும் காரணம். ஆனால் அமெரிக்கச் சிறப்புப் படைகள் வைத்திருக்கும் எம்.கே.18 போன்ற 10.3 அங்குலக் குட்டைப் பேரலில் துளைக்கு முன்னால் மிஞ்சுவது 6, 7 செ.மீ.தான். விரல் ஒரு கணம்தான் அடைத்திருக்கும். அந்தக் கணத்துக்குள் தேவையான கேஸ் ஏற வேண்டும் என்றால் துளை பெரிதாக வேண்டும். அதில் சுமார் 1.8 மி.மீ. வைத்தார்கள். அழுத்தமும் முரடு, நேரமும் குறைவு, துளையும் பெரிது. குட்டைப் பேரல் துப்பாக்கிகள் தோட்டாவுக்குத் தோட்டா குணம் மாறுவது இதனால்தான்.

0.1 மி.மீ. முன்னபின்ன இருந்தா என்ன பெரிய வித்தியாசம் வந்திடப் போகுது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் டர்னராக இருக்கும் ஒரு தம்பி கேட்டது. லேத்தில் நிற்கிறவருக்கே இந்தச் சந்தேகம் வருகிறது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. கேஸ் போவது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. 1.6 மி.மீ. துளை 1.7 ஆனால் விட்டம் 6 சதவீதம்தான் கூடியது. பரப்போ 13 சதவீதம் கூடிவிட்டது. 1.6-க்கும் 2.4-க்கும் பரப்பில் வித்தியாசம் இரண்டே கால் மடங்கு.

துளையின் ஓரத்தில் பிசிறு நின்றாலும் கணக்கு மாறும். துளைக்கு மேலே உட்காரும் கேஸ் பிளாக் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் துளையின் ஒரு பிறை அளவு மறைந்துவிடும். பேரலை மட்டும் அளந்துவிட்டு ‘துளை சரியாகத்தானே இருக்கிறது’ என்று தலையைச் சொறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எல்.ஆர்.ல கேஸைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டர் இருந்துச்சே. எல்லாத்துலயும் அதை வெச்சிட்டா பிரச்சினையே இல்லையே?

நம் ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர்., அதற்குப் பின் வந்த இன்சாஸ், இந்த இரண்டு ரைஃபிள்களிலும் ரெகுலேட்டர் உண்டு. எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் ரைஃபிளின் வழி வந்தது. வேண்டாத கேஸை வெளியே விட்டுவிடும் முறை அதில் இருக்கிறது. ரெகுலேட்டரை முழுசாகத் திறந்தால் பெரும்பகுதி வெளியே போய்விடும், துப்பாக்கி ஓடாது. ஒவ்வொரு ரவுண்டாகச் சுட்டு, ஒவ்வொரு க்ளிக்காக மூடிக்கொண்டே வந்து, ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு க்ளிக் மூடி நிறுத்துவார்கள். அந்த இரண்டு க்ளிக்தான் மண்ணுக்கும் குளிருக்கும் வைத்த கையிருப்பு. துப்பாக்கிக் கலையில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுவே. வேண்டியதைக் கண்டுபிடி, அதற்குமேல் கொஞ்சம் வை, அதோடு நிறுத்து.

அப்புறம் ஏன் எல்லாவற்றிலும் வைப்பதில்லை? மனிதர்கள்தான் காரணம். ஒருமுறை துப்பாக்கி நின்றால் ஜவான் கேஸைக் கூட்டுவான். நிலைமை சரியான பிறகு குறைக்க ஞாபகம் இருக்காது. அப்படியே ஆறு மாதம் ஓடினால் நாலாவது கேள்வியில் சொன்ன அத்தனை தேய்மானமும் வரும். எம்-4, ஏ.கே. இரண்டிலும் துளையை ஒரே அளவில் நிறுத்திவிட்டார்கள். நன்றாகப் பழகிய கையில் ரெகுலேட்டர் நல்லது. லட்சம் பேருக்குக் கொடுக்கும் ஆயுதத்தில் நிலையான துளை நல்லது என்பது என் கட்சி.

ஏ.கே. மட்டும் எப்படி சேத்துல போட்டு எடுத்தாலும் சுடுது?

வேண்டியதைவிட அதிக கேஸ் எடுத்துக்கொள்ளும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். போல்ட்டைச் சுமக்கும் பாகமும் நீளமான பிஸ்டனும் ஒரே துண்டு, நல்ல கனம். கனமான பொருள் வேகம் பிடித்துவிட்டால் வழியில் இருக்கும் அழுக்கைப் பற்றிக் கவலைப்படாது. இன்னொன்று, 7.62×39 தோட்டா அடி பெருத்து நுனி சிறுத்தது. நல்ல சரிவு இருப்பதால் கொஞ்சம் நகர்ந்ததுமே சேம்பர் சுவரை விட்டு முழுசாக விலகிவிடும். அதனால் கூடுதல் கேஸைத் தாங்கும்.

இதற்கு விலை உதையும் குலுக்கலும். அமேதி பக்கம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே.-203 கையில் வந்த பையன்கள் சுட்டுப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். ஆனால் ‘ஏ.கே.யில் கேஸ் அதிகம், அதனால் மற்றதிலும் கூட்டு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கனமும் அந்தத் தோட்டாவும் சேர்ந்துதான் அந்தக் கூடுதல் சரிப்படுகிறது.

வியட்நாம் போர்ல எம்-16 அடிக்கடி மாட்டிக்கிச்சுன்னு சொல்றாங்களே, துளை தப்பா போட்டதாலயா?

துளை தப்பில்லை. துளை எந்த மருந்துக்காகப் போடப்பட்டதோ அந்த மருந்தை மாற்றிவிட்டார்கள். முதலில் குச்சி வடிவ மருந்து, பிறகு உருண்டை வடிவ மருந்து. சேம்பரில் உச்ச அழுத்தம் ஏறக்குறைய அதேதான். ஆனால் உருண்டை மருந்து எரிந்த விதத்தில், துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடிவிட்டது. நிமிடத்துக்கு 850 ரவுண்டைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்த சுடும் வேகம் 1000 பக்கம் போனது. அதன் விளைவு நாலாவது பதிலில் இருப்பதுதான். சீக்கிரம் திறக்கும் போல்ட், சேம்பரில் ஒட்டி நின்ற தோட்டா.

கூடவே வேறு தவறுகளும் சேர்ந்தன. சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை, ஈரக் காட்டில் துரு பிடித்தது. சுத்தம் செய்யும் சாமான்கூட எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. பிறகு சேம்பருக்குக் குரோம் பூசினார்கள், போல்ட்டுக்குப் பின்னால் அதன் வேகத்தைத் தணிக்கும் பஃபரைக் கனமாக்கினார்கள், சுத்தம் செய்யப் பழக்கினார்கள். அதே ரைஃபிள் அதன் பிறகு பல பத்தாண்டு ஓடியது. எனக்கு இது வெறும் பழங்கதை இல்லை. தோட்டாவை மாற்றும் எவரும் முதலில் துளையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்கு எத்தனையோ பிள்ளைகள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

நம்ம இன்சாஸ் கார்கில்ல தகராறு பண்ணினது?

1999-இல் வெளியே வந்த முக்கியமான புகார், குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. மேகசின் விரிந்தால் ரவுண்டு ஏறாது, ரவுண்டு ஏறாவிட்டால் துப்பாக்கி நிற்கும், பார்க்கிறவர் ‘கேஸ் கோளாறு’ என்பார். துளை பாவம், அதற்குச் சம்பந்தமே இல்லை. துப்பாக்கி நின்றால் முதல் சந்தேகம் மேகசின் மேல் வர வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

இங்கே அக்னி நட்சத்திர வெயில்ல ஓடுற துப்பாக்கி, சியாச்சின்லயும் அப்படியே ஓடுமா?

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டாவில் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும், துளை வழியாக வரும் கேஸும் கூடும். கடும் குளிரில் இதற்கு எதிர்மாறு. மருந்து மந்தமாக எரியும், எண்ணெயும் இறுகிப் போல்ட்டைப் பிடித்து வைக்கும். இரண்டு பக்கத்தையும் தாங்கும்படிதான் துளையைத் தீர்மானிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது எளிது. இங்கே தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். அங்கே போனால் எண்ணெயைத் துடைத்து, பனிப் பகுதிக்குக் கொடுக்கும் எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். ஊரில் பழகிய மாதிரி தாராளமாக ஊற்ற வேண்டாம்.

அந்தத் துளை கரி பிடிச்சு அடைச்சுக்குமா? ஊசி விட்டுக் குத்தலாமா?

துளை தானாக அடைவது அபூர்வம். ஒவ்வொரு ரவுண்டும் அதை ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரி படிவது அதைச் சுற்றித்தான். பிஸ்டன் தலை, ரெகுலேட்டர், கேஸ் பிளக், சிலிண்டரின் உட்சுவர், இவற்றைப் பாருங்கள். ஊசி, கம்பி, ஆணி எதையும் துளைக்குள் விடாதீர்கள். விளிம்பு கீறினால் மேலே சொன்ன பிசிறுக் கதை ஆரம்பித்துவிடும்.

ஜவான்களுக்கு இன்னொரு வார்த்தை. புல்த்ரூ கயிறும் சிந்தித் துணியும் எடுத்துப் பேரலை ஆறு தடவை இழுப்பார்கள், பளபள என்று இருக்கும், கோத்தில் (ஆயுத அறையில்) ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சேம்பரை யாரும் தொடுவதில்லை. தோட்டா ஒட்டி நிற்கும் இடமே அதுதான். சேம்பருக்குத் தனி பிரஷ் கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

துளை தேயுமா?

தேயும். நெருப்புக் கேஸ் ஒவ்வொரு முறையும் துளையின் முன் விளிம்பில் மோதித் திரும்புகிறது. பல ஆயிரம் ரவுண்டுக்குப் பிறகு அந்த விளிம்பு உருகி அரித்தது போல் ஆகிவிடும், துளை பெரிதாகும். தொடர்ந்து சரமாரியாகச் சுடும் கார்பைனில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் அங்கே துளை சேம்பருக்குப் பக்கம். வயதான பேரல் திடீரென்று முரட்டுத்தனமாக உதைக்க ஆரம்பித்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

சினிமால வர்ற சைலன்சர் மாட்டினா?

சத்தம் குறைகிறது, கேஸ் கூடுகிறது. குண்டு வெளியேறிய பிறகும் வாய்ப்பக்கத்தில் ஒரு டப்பா புகையைப் பிடித்து வைத்திருக்கிறதே. கட்டை விரலை முழுசாக எடுக்காமல் பாதி எடுத்தது போல. அழுத்தம் இறங்க நேரமாகும், போல்ட் வேகம் கூடும், சுடுகிறவர் முகத்துக்குப் புகை வரும். அதனால் சைலன்சரோடு பயன்படுத்தும் ரைஃபிள்களில் இரண்டு நிலை ரெகுலேட்டர் வைப்பது உண்டு.

ரைஃபிள் நின்னுடுச்சு. கேஸ் கோளாறுதான்னு எப்படி உறுதியா சொல்வீங்க?

நான் ஏமாந்த கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். சர்வீஸில் சேர்ந்த புதிது, ராஜஸ்தானில் ஒரு ரேஞ்ச். ஒரு எஸ்.எல்.ஆர். பத்து ரவுண்டுக்கு ஒருமுறை நின்றது. மணல் காற்று வேறு. ‘கேஸ் பத்தவில்லை’ என்று நானே தீர்ப்பு எழுதி ரெகுலேட்டரை இரண்டு க்ளிக் மூடினேன். ஐந்து ரவுண்டுக்கு ஒருமுறை நின்றது. இன்னும் இரண்டு மூடினேன். மூன்றாவது ரவுண்டிலேயே காலித் தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டது.

உஸ்தாத் (எனக்குப் பயிற்சி தந்தவர்) என்னைத் திட்டவில்லை. கீழே கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, ஒரு வெள்ளைச் சிந்தியில் வரிசையாக அடுக்கி, ‘பார்’ என்றார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு. முதலில் சுட்டதில் லேசாக, கடைசியில் சுட்டதில் ஆழமாக. சேம்பரில் பிரஷ் விட்டு எடுத்தார். கறுப்பாக ஒரு வளையம் பிரஷ்ஷோடு வந்தது. ரெகுலேட்டரைப் பழைய இடத்தில் வைத்தார். அன்று மாலைவரை அந்த ரைஃபிள் நிற்கவில்லை. தோட்டா வெளியே வர அடம்பிடித்திருக்கிறது, நான் அதை இன்னும் முரட்டுத்தனமாக இழுக்க வைத்திருக்கிறேன்.

அதனால் நான் பார்க்கும் வரிசை இது: வேறு மேகசின், வேறு பெட்டித் தோட்டா, சேம்பர், எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும், அப்புறம்தான் கேஸ். மேகசின் காலியானால் போல்ட் தானாகப் பின்னால் நிற்கும் வசதி உள்ள துப்பாக்கி என்றால், மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடச் சொல்வேன். நாலைந்து தடவையும் போல்ட் பின்னால் நின்றால் கேஸ் போதுமான அளவு வருகிறது. காலித் தோட்டா விளிம்பு கடிபட்டிருந்தால் கேஸ் அதிகமா, சேம்பர் அழுக்கா என்று யோசிப்பேன். பாதி வழியில் மாட்டிக்கொண்டு, விளிம்பு சுத்தமாக இருந்தால் மட்டுமே கேஸ் குறைவு என்ற பக்கம் போவேன்.

காலித் தோட்டா விழுற திசையைப் பார்த்தே கேஸ் அளவைச் சொல்லிடலாம்னு ஒருத்தர் சொன்னார்...

ஓரளவுக்குத்தான். எம்-4 வகையில் தோட்டா முன்பக்கமாகப் பறந்தால் போல்ட் வேகம் அதிகம், பின்பக்கம் சோர்ந்து விழுந்தால் வேகம் குறைவு என்பார்கள். ஆனால் காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் பழசானாலும், தோட்டா பட்டுத் திரும்பும் தகடு மாறினாலும் திசை மாறிவிடும். தரையில் விழுந்ததைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். திசையைவிட அது நேர்மையான சாட்சி.

எங்க பட்டறைல நல்ல ட்ரில் பிட் இருக்கு. ஒரு பேரல் கிடைச்சா நானே துளை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் மாற்றுவதும் குற்றம். தானாக ரவுண்டு ஏறும் ராணுவ வகை ரைஃபிள்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ஜெயிலுக்குப் போனால் பட்டாளக் கனவு அங்கேயே முடிந்துவிடும்.

கையில் வேலை இருக்கிறது என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ரைஃபிள் தயாராகிறது. டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் படித்தவர்கள் அப்ரெண்டிஸ் அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். ராணுவத்துக்குள்ளேயே என்றால் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர் ட்ரேட் இருக்கிறது. நான் அந்த வழியில் வந்தவன்தான்.

கடைசியா ஒண்ணு சார். கேம்ப்ல பிளாங்க் ரவுண்டு போட்டா ஏன் ஒவ்வொரு தடவையும் கையால இழுக்க வேண்டியிருக்கு? மருந்து இருக்கே, புகை வருதே?

ஒரு என்.சி.சி. மாணவி கேட்டாள். ரப்பர் குழாய்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவள், நான் வாயைத் திறப்பதற்குள் ‘கட்டை விரல் இல்லையா சார்?’ என்று தானே சொல்லிவிட்டாள். அதேதான். பிளாங்க் ரவுண்டில் குண்டு இல்லை. பேரலை அடைத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லாததால் கேஸ் நேராக வாய் வழியாக ஓடிவிடுகிறது, துளைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பேரல் வாயில் சின்னத் துவாரம் உள்ள ஒரு அடைப்பானைத் திருகி மாட்டினால் விரலை வைத்தது போல் அழுத்தம் எழும், துப்பாக்கி தானாக ஓட ஆரம்பிக்கும். அந்த அடைப்பான் மாட்டியிருக்கும்போது நிஜ ரவுண்டு பக்கத்திலேயே வரக் கூடாது. பிளாங்க்தானே என்று யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்கவும் கூடாது. கிட்டத்தில் அந்தச் சூடான கேஸே கண்ணைப் பறித்துவிடும்.